புகாரின் ஆனைத்தீ முதல் தஞ்சாவூரின் செயற்கை இரைப்பை வரை: பசியைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில், எத்தனை படி சோறு போட்டாலும் பசி தீராமல் ஒரு பெண் தெருத்தெருவாக அலைந்த கதை தெரியுமா? பெயர் காயசண்டிகை. மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே உண்ணும் முனிவர் ஒருவர் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். தண்டனையாக வந்தது பன்னிரண்டு ஆண்டுப் பசி. அந்த நோய்க்கு, காப்பியத்தை எழுதிய சாத்தனார் வைத்த பெயர் ஆனைத்தீ. கடைசியில் மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபியின் சோறுதான் அந்தத் தீயை அணைத்தது.

சாபம் கதைக்குரியது. நோய் நிஜம்!

1997-ல் இங்கிலாந்தில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஒன்றுவிட்ட உறவு முறை. எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். சில மாதங்களிலேயே பசி தொடங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் மறுபடி சோறு கேட்கிற பசி. சதஃப் ஃபரூக்கி, ஸ்டீஃபன் ஓ'ராஹிலி குழுவினர் ரத்தத்தைச் சோதித்தபோது, லெப்டின் என்ற ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. ஒரு எழுத்து!

அந்த ஹார்மோனை ஊசியாகத் தினமும் போட்டார்கள். சில நாளிலேயே பசி அடங்கியது. சிகிச்சை தொடங்கியபோது 94 கிலோ இருந்த சிறுமி ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை, பட்டினி போடவில்லை. "வாயைக் கட்டு" என்று அதற்கு முன் அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

சரி, லெப்டினைச் சுரப்பது எது தெரியுமா? மூளை இல்லை, வயிறும் இல்லை. கொழுப்பு! இடுப்பிலும் தொடையிலும் சும்மா தொங்குகிறது என்று நாம் நினைக்கிற அதே கொழுப்புதான், "என்னிடம் இவ்வளவு கையிருப்பு இருக்கிறது" என்று இரவு பகலாக மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் ஒரு சுண்டெலி திடீரென்று உருண்டு திரண்டு வளர்ந்ததுதான் முதல் துப்பு. பிறகு டக்ளஸ் கோல்மன் அங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்தார். குண்டு எலியையும் சாதாரண எலியையும் சேர்த்துத் தைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்தது! சாதாரண எலியின் ரத்தத்தில் ஏதோ ஒன்று பசியை அடக்குகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் அந்த மரபணுவைக் கையில் பிடித்துக் காட்டியபோதுதான் வாதம் முடிந்தது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மேட்டூர் அணை போதும். அணையின் முழு அளவு 120 அடி. இன்று எத்தனை அடி என்று காலையில் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் குறுவைக்கு நாற்றங்கால் விடுவதா, பொறுத்திருப்பதா என்று யோசிப்பார்கள். லெப்டின் என்பது உடம்பின் அந்த நீர்மட்டக் கணக்கு. மட்டம் இறங்கினால் மூளை திறப்பைக் குறைத்து, வரத்தைக் கூட்டப் பார்க்கும். அதாவது உடம்பு செலவழிப்பது குறையும், பசி கூடும். இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள்: அணை நிரம்பி வழிகிறது, ஆனால் பேப்பரில் 40 அடி என்று வருகிறது. உடல் பருமன் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். அவர்கள் ரத்தத்தில் லெப்டின் நிறையவே இருக்கிறது. மூளைக்குத்தான் அது உறைப்பதில்லை. கையிருப்பு ஏராளமாக இருந்தும் மூளை பஞ்சம் என்றே நம்புகிறது. அதனால்தான் லெப்டின் ஊசி, அந்தக் குழந்தைகளைப் போன்ற அபூர்வமான சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை.

இந்தக் கணக்கைப் படிக்கிற இடம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ். மொத்த எடையே சுமார் 4 கிராம்தான்!

அங்கே பசியைத் தூண்டும் இடத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஓர் இந்தியர் இருக்கிறார், தெரியுமா? பி.கே. ஆனந்த். 1951-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் வேலை செய்துகொண்டிருந்தார். எலிகளின் ஹைப்போதாலமஸில் இரண்டு பக்கவாட்டிலும் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் பொசுக்கினார்கள். அவ்வளவுதான், அந்த எலிகள் தின்பதையே நிறுத்திவிட்டன. மூக்கருகே தீனி கிடக்க, வாய் வைக்காமல் பட்டினியில் செத்தன! அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, ஹைப்போதாலமஸின் நடுப்பக்கத்தைச் சிதைத்தால் எலி கண்டபடி பருக்கிறது என்று ஹெதரிங்டனும் ரான்சனும் காட்டியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தின்னச் சொல்வதும் போதும் என்று சொல்வதும் இந்தக் குட்டி இடத்துக்குள்ளேயே நடக்கின்றன. இன்றைக்கு இந்தப் படம் இன்னும் சிக்கலாகியிருக்கிறது. ஒரே ஒரு பசி மையம் என்றில்லை, பல நியூரான் கூட்டங்கள் சேர்ந்து முடிவெடுக்கின்றன. ஆனாலும் பசி என்பது மூளையில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்று என்று உலகத்துக்குச் சொன்னது அந்த 1951-ம் ஆண்டுக் கட்டுரைதான்.

ஆனந்த் நாடு திரும்பி, பிறகு டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறையை வளர்த்தார். அங்கே அவரும் சின்னாவும் பல்தேவ் சிங்கும் ரத்தச் சர்க்கரை ஏறும்போது ஹைப்போதாலமஸின் மின்துடிப்பு மாறுவதை 1960-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு அது முக்கியமான தடயம். இந்தப் பல்தேவ் சிங் நமக்கு அன்னியரே அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியோடு நரம்பியல் துறையைக் கட்டியெழுப்பியவர். அதே 1951-ல் இந்த இருவரும், எஸ்.டி. நரசிம்மன், பி. ராமமூர்த்தி ஆகியோரும் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அந்த ராமமூர்த்தி எந்த ஊரில் பிறந்தார் தெரியுமா? சீர்காழியில், 1922-ல்! பசித்து அழுத குழந்தை ஞானசம்பந்தருக்குக் குளக்கரையில் அம்பிகையே வந்து பாலூட்டினாள் என்று டெல்டா இன்றும் திருமுலைப்பால் விழா எடுக்கிற அதே சீர்காழி. அந்த ஊர்ப் பிள்ளை சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைத் துறையையே உருவாக்கினார். பிறகு அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் கட்டுக்கடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு ஹைப்போதாலமஸின் ஒரு புள்ளியைச் செயலிழக்கச் செய்யும் அறுவை சிகிச்சைகளையும் நடத்தினார்கள். இன்று அதைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வேறு வழியில்லாத காலத்தில், கட்டிப்போடப்பட்டுக் கிடந்தவர்களுக்காகச் செய்தது என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். பசியைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்றால், கோபம், தாகம், தூக்கம், உடல் சூடு, பசி எல்லாமே அந்த 4 கிராமுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பசியை மட்டும் தனியே வெட்டி எடுக்க முடியாது!

இனிக் கொஞ்சம் பந்திக்குப் போவோம். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். நுனி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. ஓரத்தில் உப்பு, ஊறுகாய், தயிர்ப் பச்சடி, கோசுமரி, வாழைக்காய் கறி, ஒரு துளி பாயசம். அன்னவாளியோடு ஆள் வருகிறார். சோறு, பருப்பு, மேலே உருகிய நெய். அந்த வாசனை மூக்கில் ஏறும் நொடியில் தலைக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

பசியைக் கிளப்பும் நியூரான்கள் அடங்கத் தொடங்குகின்றன! ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை, அதற்குள்! அவற்றுக்கு ஏஜிஆர்பி நியூரான்கள் என்று பெயர். அவற்றைத் தூண்டினால், வயிறு நிறைந்த எலிகூட ஓடிப்போய்த் தின்னும். கலிஃபோர்னியாவில் சகரி நைட் குழுவினர் 2015-ல் சுண்டெலி மூளைக்குள் ஒளியிழை செருகி நேரடியாகப் பார்த்தார்கள். தீனியைக் கண்டதும் வாசம் பிடித்ததும் சில நொடிகளில் அந்த நியூரான்கள் தணிந்தன. தீனியைப் பறித்துக்கொண்டால் மறுபடி துடித்தன. மூளை வயிறு நிரம்பக் காத்திருப்பதில்லை. வரப்போகும் சாப்பாட்டை முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடுகிறது.

பந்தி இன்னும் முடியவில்லை. சாம்பார், வற்றல் குழம்பு, ரசம் எல்லாம் ஆகி, "போதும் போதும்" என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தாயிற்று. அப்போது வருகிறது திருவையாற்று அசோகா, பாசிப்பருப்பும் நெய்யும் மின்ன. கை தானாக விலகுகிறது! இது நாக்கின் அடங்காமை இல்லை. சாப்பிட்ட சுவையின் மேல்தான் மூளைக்குச் சலிப்பு வரும், இன்னும் தொடாத சுவைக்குக் கதவு திறந்தே இருக்கும் என்று 1980-களிலேயே பார்பரா ரோல்ஸ் சோதனை செய்து காட்டிவிட்டார். ஒரே உணவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது உண்டதைவிட, நான்கு விதமாக மாற்றிப் பரிமாறியபோது மக்கள் சுமார் 60 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பலவிதச் சத்தும் கிடைக்கட்டும் என்று காட்டில் திரிந்த காலத்து மூளை செய்துகொண்ட ஏற்பாடு. கல்யாணம் வருஷத்துக்கு நான்கு என்று இருந்தவரை தொல்லையில்லை. இப்போது தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால், தினமும் பந்திதான்.

தூக்கம் கெட்டாலும் பசி கூடும் தெரியுமா? 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். இரைப்பையிலிருந்து வரும் பசி ஹார்மோனான கிரெலின் 28 சதவீதம் ஏறியது, லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சேதி.

இப்போது நான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிற பகுதி. எடையைக் குறைத்தவர்களுக்கு அது ஏன் திரும்ப ஏறுகிறது தெரியுமா? மெல்பர்னில் பிரியா சுமித்ரன், ஜோசஃப் புரோயேட்டோ குழுவினர் 50 பேரை 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தது. ஓராண்டு கழித்து அவர்கள் ரத்தத்தைச் சோதித்தால், பசியைக் கூட்டும் ஹார்மோன்கள் இன்னும் உயர்ந்தே நின்றன, நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் தாழ்ந்தே கிடந்தன. ஓராண்டுக்குப் பிறகும்! அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்தார். ஏறக்குறைய எல்லோருக்குமே எடை திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடல் ஒரு நாளில் எரிக்கும் அளவு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே தங்கிவிட்டது. இழந்ததை மீட்கும்வரை மூளை விடுவதில்லை. பஞ்சத்தில் நம்மைப் பிழைக்கவைத்த அதே பிடிவாதம் இது.

அப்படியிருக்க, பள்ளிக்கூடத்தில் ஒரு குண்டுப் பிள்ளையைச் "சோத்துப் பண்டாரம்" என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் தன் ஹைப்போதாலமஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கிண்டல் செய்கிறவனுக்கு அந்தச் சண்டையே இல்லை. பிறப்பிலேயே அவன் மூளை வேறு கணக்கோடு வந்திருக்கலாம். தத்துக் கொடுக்கப்பட்டவர்களை டென்மார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் எடை வளர்த்த பெற்றோரை ஒட்டவில்லை, பெற்ற தாய் தகப்பனைத்தான் ஒட்டியிருந்தது. 1986-ல் வந்த ஆய்வு அது. நாற்பது ஆண்டுகள் ஆகின்றன, ஏச்சு மட்டும் மாறவில்லை.

மரபு மட்டும்தானா என்றால், இல்லை. இதற்கு விடை வங்காளத்துச் சணல் ஆலையில் கிடைத்தது தெரியுமா? 1956-ல் ஜான் மேயர் அங்கே தொழிலாளர்களின் வேலையையும் சாப்பாட்டையும் எடையையும் அளந்தார். பாரம் தூக்குகிறவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், ஒல்லியாக இருந்தார்கள். லேசாக வேலை செய்பவர்கள் அளவாகச் சாப்பிட்டார்கள். ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள்? லேசான வேலைக்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள்! உடம்பு ஓரளவாவது அசைந்தால்தான் மூளையின் பசிக் கணக்கு சரியாக ஓடுகிறது, அதற்குக் கீழே போனால் கணக்கு தப்புகிறது என்றார் மேயர். நாற்று பறித்து, சேற்றில் குனிந்து நட்டு, களை எடுத்து, அரிவாளால் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து களத்தில் போட்ட டெல்டாவில் இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. முதுகொடிந்த வேலை ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷமே. சோற்றின் அளவுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒல்லியாக இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு 2004-ல் வெளியிட்ட படம் உலகப் புகழ் பெற்றது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடலில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்னால் வரும் நம் ஊர் உடல்வாகு அதுதான். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், தொப்பை 39.5 சதவீதம். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் தராசு என்ன சொன்னாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஒரு நச்சுப் பல்லி இந்தக் கதையையே திருப்பிப் போட்டது தெரியுமா? நம் சிறுகுடலின் கடைக்கோடியில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. "சாப்பாடு வந்து சேர்ந்தது, போதும்" என்று மூளைத்தண்டுக்கும் ஹைப்போதாலமஸுக்கும் சொல்லும். ஆனால் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்து கிலா மான்ஸ்டர் பல்லியின் விஷத்தில், அதைப் போலவே இருந்து எளிதில் சிதையாத ஒரு பொருளை 1992-ல் ஜான் எங் கண்டுபிடித்தார். அந்தப் பாதையில்தான் இன்றைய வார ஊசிகள் வந்தன. இந்தியாவில் மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. போட்டுக்கொண்டவர்கள் பலர் சொல்வது ஒன்றே: "எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது, அது போய்விட்டது." நிறுத்தினால்? குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது என்று 2022-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூளை மறுபடி தன் பழைய கணக்குக்கே போய்விடுகிறது. விலையும் பக்கவிளைவும் உண்டு, மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து.

அதே குடல் ஹார்மோனைச் சோறே கொஞ்சம் தூண்டுமா? இங்கேதான் டெல்டா உள்ளே வருகிறது. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைக்க, உண்டாகும் கொழுப்பமிலங்கள் ஜிஎல்பி-1 சுரக்கும் செல்களைத் தட்டுகின்றன. 2015-ல் கொழும்பின் வேதியியல் கல்லூரியில் சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவர் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும், கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து 12 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இந்தச் செரிக்காத மாவுச்சத்து பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். மறுபடி சூடு பண்ணினாலும் அது போவதில்லை! இரவு தண்ணீர் ஊற்றி, காலையில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு பிழிந்து சாப்பிடும் பழைய சோறும் ஆறி நொதித்த சோறுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதைக் குடல் நோய்களுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் குண்டான் நிறையச் சாப்பிட்டால் பழைய சோறும் சோறுதான்.

தஞ்சாவூரிலேயே ஒரு செயற்கை இரைப்பை சோறு தின்கிறது தெரியுமா? 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறதே, அங்கே ஆனந்தராமகிருஷ்ணன் குழுவினர் முப்பரிமாண அச்சில் வார்த்த அமைப்பு அது. ஆர்க் என்று பெயர். நம் இரைப்பையைப் போலவே அசைந்து, வெந்த சோற்றைப் பிசைந்து கரைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளியேறுகிறது என்று காட்டுகிறது. சோறு எவ்வளவு வேகமாக இரைப்பையை விட்டுப் போகிறதோ, அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும். இரைப்பை விரிந்திருப்பதை மூளைக்குச் சொல்லும் வேகஸ் நரம்பும் அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அந்தக் கருவிக்குப் பசி எடுக்காது. அதனால் மிச்ச விடைக்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை அப்படித்தான் செய்தது. எடை கூடுதலான ஆட்களுக்கு ஐந்து நாள் வெள்ளை அரிசி, ஐந்து நாள் தீட்டாத பழுப்பு அரிசி. உடலில் ஒட்டிய கருவி ராப்பகலாகச் சர்க்கரையைப் பதிந்துகொண்டேயிருந்தது. பழுப்பு அரிசி நாட்களில் 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் 20 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்று இன்சுலின் 57 சதவீதம் இறங்கியது! லெப்டினைப் போலவே ஹைப்போதாலமஸோடு பேசும் ஹார்மோன் அந்த இன்சுலின். 1922 முதல் டெல்டாவுக்கு நெல் ரகங்களைத் தந்துகொண்டிருக்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திடம் நம் விவசாயிகள் இதுவரை கேட்டதெல்லாம் விளைச்சலும் வயசும் பூச்சி தாங்குவதும்தான். இந்த நெல்லின் சோறு எத்தனை மணி நேரம் பசி தாங்கும் என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது.